வந்த இடத்துக்குத் திரும்ப 'எல்'

மார்ச் 3, செவ்வாய்
சகலைக்கு சூப்பர்வைசர் பதவி கொடுத்துவிட்டார்கள். இந்த நீரேற்று நிலையத்தில் பத்தொன்பது வருஷமாகப் பம்பு ஓட்டுகிறவன் நான். அவன் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்ஜினியரிடம் அவன் எதைக் காட்டிப் பேர் வாங்கினான்? என் கையேட்டை! எந்த வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று எட்டு மாதம் உட்கார்ந்து, நாற்பத்தொரு பகுதியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். "நாங்க சேர்ந்து பண்ணினது சார்" என்றான். நாங்களாம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். என் வாய்க்கு என்ன கேடு வந்தது? பக்கத்தில்தானே நின்றேன்.

மார்ச் 4, புதன்
மனைவி இனிப்பு வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். "நீங்களும் வாங்க, வரலைன்னா நல்லா இருக்காது" என்றாள். தலைவலி என்றேன்.

மார்ச் 9, திங்கள்
கையேட்டுத் திரையில் மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எல்லாம் விசைதான். ஸ்பேஸ் தட்டினால் பக்கம் கீழே நகரும். இங்கிலீஷ் 'என்' எழுத்து அடுத்த பகுதி, 'பி' முந்தைய பகுதி. 'இதையும் பார்க்க' என்ற இடத்தில் என்டர் தட்டினால் வேறு பகுதிக்குத் தாவும். அங்கிருந்து, வந்த இடத்துக்குத் திரும்ப 'எல்'. இதில்தான் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். 'பி' தட்டினால் திரும்பாது, தாவிய பகுதிக்கு முன்னால் எது இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து காட்டும். அதற்காகத்தான் அந்த 'எல்' வரியை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு மட்டும் மூன்று தடவை கேட்டான். "சகலை, திரும்பிப் போறதுக்கு எந்த பட்டன்?"

"சீட்டைப் பாரு."

"வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

அறையே சிரித்தது. எனக்குக் காது வரை எரிந்தது.

மார்ச் 12, வியாழன்
சீட்டை உரித்தெடுத்துவிட்டேன். என் கையெழுத்து, என் பசை. இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். பெரிய சூப்பர்வைசர், அவனுக்கு எதற்குச் சீட்டு?

மார்ச் 13, வெள்ளி
யாரும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்
இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு இரண்டாம் பம்பு உதறியதாம். மூன்றாவதுக்கு மாற்றக் கையேட்டைத் திறந்திருக்கிறான். நாலாவது படியில், வால்வுப் பகுதியைப் பார் என்று எழுதியிருந்தேன். என்டர் தட்டிப் போயிருக்கிறான். திரும்ப 'பி' தட்டியிருக்கிறான். வால்வுப் பகுதிக்கு முந்தையது, தொட்டியைக் காலி செய்யும் பகுதி. தலைப்பைப் படிக்கிற வழக்கம் அவனுக்கு ஏது? நேராக ஐந்தாம் படிக்குப் போய்விட்டான். 'அடி வால்வை முழுதாகத் திறக்கவும்.' திறந்துவிட்டான்.

ஊருக்கே தண்ணீர் தரும் தொட்டி. பத்தரைக்குள் காலி.

'பி' தட்டுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தான். நான் டீக்கடையில் இருந்தேன். பேரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. ஏன்டா எடுக்கலை? ஒரு எழுத்துதானேடா சொல்லணும்!

இன்ஜினியர் கத்தினார்: "கையேடு எழுதினவனுக்கே அதைப் படிக்கத் தெரியலையா?"

சகலை தலை குனிந்தான். "நான் எழுதலை சார். முழுசும் அவர்தான் எழுதினார்."

இந்த வார்த்தைக்குத்தானே காத்துக்கிடந்தேன்?

பிறகு திரையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "இங்க ஒரு சீட்டு இருந்துச்சு சார்" என்றான். இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"கவனிக்கலை சார்" என்றேன்.

மார்ச் 18, புதன்
குழாயில் சொட்டு இல்லை. மனைவி லாரித் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறாள். அப்போதும் அவனைத் திட்டவில்லை. "பாவம்ங்க, அவர் சாப்பிடவே இல்லையாம்" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்
சகலையைப் பதவி இறக்கி, பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போக வேண்டிய நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதவி எனக்கு.

கொழுந்தியாள் வந்து அழுதாள். "அத்தான், அங்க சீட்டு இருந்துச்சுன்னு அவர் சத்தியம் பண்றார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்." நான் பார்க்கவே இல்லை என்றேன். மனைவி என் முகத்தையே பார்த்தாள். அந்தக் கையேட்டை எட்டு மாதம் எனக்கு வாசித்துக் காட்டிப் பிழை திருத்தியவள் அவள். சீட்டு எழுதியதும் அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 2, வியாழன்
இன்றுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் வாழ்த்தவில்லை.

சாயங்காலம் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தாள். தங்கைக்குச் சாமான் கட்ட உதவப் போயிருக்கிறாளாம், அவர்களோடு அந்த ஊருக்கும் போகிறாளாம். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லையாம்.

எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். இன்றைய பக்கத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. கசங்கல் எல்லாம் நீவி, நாலு மூலையிலும் பசை தடவி. நான் ஒட்டவில்லை.

அதற்குக் கீழே மிச்சமிருக்கிற இடத்தில்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு நாலு தடவை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை.