அலிபிரிக்குப் போகக் கிளம்புகிறாள் உன் மகள்

அன்புள்ள சரோஜாக்கா,

திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நம் ஊர் பாகாலாவில் கேட்டவர்களிடமெல்லாம், "ஒண்ணும் இல்லியாம், ரத்தம் கம்மியாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உனக்கு இருந்ததுதான் அக்கா எனக்கும்.

ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை பிரித்த வருஷம் பிறந்தவள் நீ. எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று நைனா கேலி செய்வார். உட்கார்ந்திருந்தால் உனக்கு ஒன்றும் இருக்காது. குடத்தைத் தூக்கினால் உதடு நீலமாகிவிடும். உன்னைப் படுக்க வைத்துப் பார்த்த டாக்டர் பலவீனம் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். மூச்சு சரியானால் போதும் என்று நீ திருப்பதி மலைக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாய். படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்து ஏறினாய். பாதியில் மயங்கி விழுந்தவள், அந்த மாதமே போய்விட்டாய். கீதா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

எனக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கழுத்து வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, படுத்தபடியே சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். நம் வம்சத்தில் படுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியவள் நான்தான். சும்மா இருந்தவரை நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கொஞ்சம்தான் கூடுதல். மிதிக்க ஆரம்பித்ததும் மளமளவென்று ஏறியது. கண் இருட்டியது. நிறுத்திவிட்டார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். "மலை மேல க்யூ பாத்திருக்கீங்க இல்லம்மா? கேட்டுக் கதவு ஒருத்தர் போற அளவுக்குத்தான் தெறந்திருக்குது. ஜனம் அமைதியா நின்னா பரவால்ல. பின்னால இருந்து தள்ளுனா நெரிசல்தான் ஏறும், உள்ள போறவங்க எண்ணிக்கை கூடாது. நல்ல நுரையீரல்ல வேலை செய்யும்போது குழாய்ங்க விரிஞ்சி குடுக்கும். உங்களுக்கு விரியல. இதயத்தோட வலது பக்கம் திணறிப்போகுது. ஒடம்புக்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேரல."

பிறகு கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

உன்னைச் சொன்னேன். "அவங்களுக்குப் பசங்க இருந்தா சீக்கிரம் கூட்டிக்கினு வாங்க. இருக்கணும்னு இல்ல. ஆனா பாக்காம விடாதீங்க" என்றார்.

கீதாவிடம் இன்னும் சொல்லவில்லை அக்கா. அவளுக்குச் சத்தியவேட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் பையனின் அம்மா, "பொண்ணோட அம்மா எப்படித் தவறிட்டாங்க?" என்று கேட்டபோது, "ஜுரம்" என்றேன். எனக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது; வம்ச நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்ற பயம். நீ கையில் கொடுத்துவிட்டுப் போன பெண்ணின் உயிரைவிட அந்த அம்மாளின் முகம் எனக்குப் பெரிதாகிவிட்டது. எனக்கே என்னைப் பார்க்கக் கூசுகிறது.

நேற்று கீதா மஞ்சளும் குங்குமமும் வாங்கி வந்து வைத்தாள். "உனுக்கு மூச்சு சரியாவணும்னு வேண்டிக்கினு இருக்கேன் சின்னம்மா. சனிக்கெழமை மலையடிவாரத்துல அலிபிரியில இருந்து படிக்குப் படி பொட்டு வெச்சி ஏறப்போறேன். நீ ஒக்காந்துக்கினு இரு."

மாடிப்படி ஏறி வந்து சொன்னாள். பேச்சுக்கு நடுவே ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். வெயிலா, உன் ரத்தமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயந்து, "பத்திரமா போய் வா" என்று சொல்லிவிட்டேன்.

மறைக்க இடமிருந்தால் மறுபடியும் மறைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை ஊர் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கு அனுப்புகிறேன். தபாலில் போட்டுவிட்டு நேரே வந்து கீதாவை உட்காரவைத்துச் சொல்வேன். அடுத்த போன் சத்தியவேட்டுக்கு. சம்பந்தம் போனால் போகட்டும்.

சனிக்கிழமை திருப்பதிக்கு நானும் அவளும் போகிறோம், ஆஸ்பத்திரிக்கு. அது முடிந்ததும் மலைக்கு பஸ்ஸில் போவோம். உன் மகளை ஒரு படிகூட ஏறவிட மாட்டேன் அக்கா. உன் வேண்டுதலுக்கும் சேர்த்து சாமியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் மகளை வளர்த்த,
உன் தங்கை வசந்தா