எங்கள் காம்பராவின் அளவு

செவ்வாய், இரவு

பள்ளிக் கண்காட்சிக்காக, மண்டபத் தரையில், தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவை அதே அளவில் வெண்கட்டியால் வரைந்தேன். அடுப்பு, கட்டில், துணிப்பெட்டி எல்லாம் அதனதன் இடத்தில்.

சித்திர டீச்சர் வந்து பார்த்தார். "வாறவங்க உள்ள நின்னு பாக்கணுமேடி. கொஞ்சம் பெருசா போடு."

"நாங்க அஞ்சு பேரு உள்ளதான் தூங்குறோம் டீச்சர்."

"நின்னுகிட்டேவாடி?" என்றாள் டவுனிலிருந்து வரும் சுகந்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நாளைக்குள் பெரிதாக்காவிட்டால் பள்ளி அதிபர் அழிக்கச் சொல்லிவிடுவார் என்றார் டீச்சர்.

அம்மாவுக்குத் தெரிந்தால், நம்ம வீட்டை ஏன் ஊருக்குக் காட்டினாய் என்று அடிப்பார். ஆனாலும் ஒரு சாண்கூடப் பெரிதாக்க மாட்டேன். கோயிலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட் வீட்டில் இருக்கிறது. விடிந்ததும் முதல் ஆளாகப் போய்க் கோடுகளின் மேல் அடித்துவிடுவேன். அப்புறம் அழிக்கட்டும்.