குந்தளவு

மச்சான்,

புது டயர் வாசனை வீடு முழுக்க நிற்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டையும் ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறேன். மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் முடிகூட இன்னும் உதிரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாரிலும் அந்த வாசனைதான். பாதியில் எழுந்துபோய் முகர்ந்துவிட்டு வருகிறேன். "அது என்ன மல்லிப்பூவா? சும்மா சும்மா போயி மோந்து பாக்குறீங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி. அவளிடம் என்னத்தைச் சொல்ல? நீ இருந்திருந்தால் நீயும் முகர்ந்திருப்பாய். கூடவே கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தி, "நகம் எறங்கணும் மச்சான், அப்பதான் ரோட்டப் புடிக்கும்" என்றிருப்பாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வண்டியைச் சேக்காட்டுக்கு, உன் வீட்டுக்கு, எடுத்துப் போகவேண்டும். உன் தேவி கேட்டிருக்கிறாள். நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. "வண்டிய நீங்களே வெச்சிக்கங்கண்ணா. ஆனா ஒருக்கா இங்க எடுத்துகினு வாங்க. அந்தச் சத்தத்த ஒரு தபா கேக்கணும்" என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டாள். "அவரு எப்பலேந்து எளைக்க ஆரம்பிச்சாருன்னு உங்களுக்காச்சும் தெரியுமாண்ணா? தெனம் பாத்துகினு இருந்தேன், எனக்கு ஒண்ணியும் தெரியலியே. பேண்ட்ட ரெண்டு தபா புடிச்சித் தெச்சேன், அப்பக்கூடத் தோணல."

"நேர்ல வந்து பேசுறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெரியும் மச்சான். எந்த மாதத்திலிருந்து என்று எனக்குத் தெரியும். மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். நிற்கிறது, நீ போனபின் நான் கொண்டுவந்து நிறுத்தின இடத்திலேயே. அது எங்கே போகும்?

பூந்தமல்லியில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தபோதே அதற்கு நம் வயதில் முக்கால்வாசி ஆகியிருந்தது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், அந்தக் காலத்தில் பந்தயத்துக்குப் போன வண்டியின் தம்பி. நான் துருவைப் பார்த்தேன். நீ சட்டத்தைத் தடவிப் பார்த்து, "எலும்பு நல்லா கீது மச்சான், சதைய நாம போட்டுக்கலாம்" என்றாய். ஒரு வருஷம் ஷிப்ட் முடிந்த மாலைகளெல்லாம் என்ஜினுக்கே போயின. அது ஒருவழியாக உயிர் பெற்றதும் டயரில் நம் சண்டை ஆரம்பித்தது.

எனக்குப் பின்னால் தடியாக ஒரு டயர் வேண்டும். பார்க்கக் கெத்தாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அம்பத்தூர் கடையில் நீ என்னை நாலு பேருக்கு முன்னால் வைத்து வாங்கினாயே! "இந்த ரிம்மு ஒல்லி. இதுல அத்த ஏத்துனா, தொப்பக்காரன் தம்பி சட்டையப் போட்ட மாரி பிதுங்கி நிக்கும். நடு மட்டும் தரையத் தொடும். சாய்ச்சி வளைக்கும்போது எத்தப் புடிச்சினு நிப்ப? உன் மீசையவா?" கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய், நீ கேட்ட ஒல்லி அளவில் ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். நீ பக்கவாட்டில் அந்த நாலு எண்ணைத் தேடினாய், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று சொல்கிற எண். பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாய். "அண்ணாத்தே, இது என் கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தது. வாணாம்." சரியான அளவில் புதிதாய் வந்து சேர மூன்று வாரம் ஆனது. நான் மூன்று வாரமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு குமணன்சாவடி வரை முதல் தடவை போய் டீ குடித்தோம். திரும்பும்போது நீ சொன்னாய், "டயரு ஓகே. இன்னும் வண்டி நம்ம வெயிட்டுக்குக் குந்தல." அப்படித்தான் நமக்கு அந்த வார்த்தை வந்தது. புத்தகத்தில் அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் இருக்கிறது. நமக்கு அது குந்தளவு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தொங்கும்போது, அச்சு நட்டிலிருந்து சீட்டுக்கடியில் இருக்கிற போல்ட் வரை ஒரு அளவு. ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஆள் மேலே குந்தியதும் இன்னொரு அளவு. எவ்வளவு குறைந்ததோ அதுதான் குந்தளவு. முப்பது மில்லி இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். அதிகமானால் பின்பக்கம் அமுங்கும். குறைந்தால் கல்லு மாதிரி தூக்கிப் போடும். ஷாக்கப்சரின் அடியில் இருக்கிற வளையத்தை ஒரு படி திருப்பினால் மூன்று மில்லி மாறும். மொத்தம் ஐந்து படி. உன் தேக்குமர உடம்புக்கு நாலாம் படியில் சரியாக முப்பது வந்தது.

உட்காருகிறவன் டேப்பைப் படிக்க முடியாது. படிக்கிறவன் உட்கார முடியாது. நீ உன் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் இடது கையை ஊன்றி, இரண்டு காலையும் தூக்கிக் குந்துவாய். நான் தரையில் குனிந்து படிப்பேன். படித்ததை வண்டியின் பக்கக் கவருக்கு உட்புறம் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எழுதுவேன். தொழிற்சாலையில் நீ லேத்தில் இருந்தாய், நான் அளவு பார்க்கிற பிரிவில். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காக ஒரு பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். நீயே எத்தனை தடவை என்னைத் திட்டியிருப்பாய்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் நாலு நாளாக எழுந்து எழுந்து நடக்கிறேன்.

அந்த ஜனவரியில் முப்பது. மார்ச்சில் நீ, "பின்னாடி கல்லு மாரி கீது மச்சான்" என்றாய். அளந்தேன், இருபத்தொன்பது. மே மாதம் இருபத்தேழு. ஒரு படி இறக்கி மூன்றில் வைத்தேன், முப்பது வந்தது. சரியாகிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். ஜூலையில் மறுபடி இருபத்தெட்டு.

என் வேலையில் அளவு தப்பினால் முதலில் கருவியைச் சந்தேகப்படுவோம், அப்புறம் பாகத்தை. டேப்பை மாற்றிப் பார்த்தேன். அப்புறம், "ஸ்பிரிங் எறுகிடுச்சுடா" என்று தீர்ப்புச் சொன்னேன்.

நீ சுவரில் ஊன்றிய கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாய். "வயசானா ஸ்பிரிங்கு தளரும் மச்சான். எறுகாது."

"அப்ப உள்ள ஆயில் கெட்டியாயிருக்கும். இல்லேன்னா டயர். நகம் எறங்குதா பாரு, செங்கல்லு மாதிரி இருக்கு. டயரு செத்துப்போச்சு. புதுசு போடணும்."

"ஆமா, அப்டித்தான் இருக்கும்" என்றாய். அப்புறம், "புது டயரு இன்னாத்துக்கு? எனக்கு இதுவே போதும்."

நான் கோபத்தில் கத்தினேன். "கஞ்சப்பயலே, டயர்ல மிச்சம் புடிக்காத!" என்றேன். நீ சிரித்தாய். உன் வாட்ச் முழங்கை பக்கமாக நழுவி இறங்கியதை என் கண் பார்த்தது மச்சான், பார்த்தது. என் புத்தி ஷாக்கப்சரில் இருந்தது. மேலே உட்கார்ந்திருந்த ஆள் எடை குறைந்தாலும் அளவு குறையும். சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். அளக்கிறதையே பிழைப்பாக வைத்திருக்கிறவனுக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு ஆகஸ்ட் மாதம் பூராவும் உன் வீட்டுப் பக்கம் நான் வரவே இல்லை. செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து உன் போன். "மச்சான், இன்னும் கோச்சிகினு தான் கீறியா?" வயிற்றில் புற்று என்றார்கள். முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்கள். டாக்டர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். பொங்கலுக்கு நீ இல்லை.

ஹாலில் கிடந்த டயர்களை முந்தாநாள் மாட்டிவிட்டேன். காற்றும் நீ சொல்கிற அளவுதான், பின்னாலைவிட முன்னால் ரெண்டு பவுண்டு குறைச்சல். நேற்று திருவேற்காடு வரை ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் அமுங்கி, கை லேசாகிப் போகிறது. குனிந்து பார்த்தால் வளையம் இரண்டாம் படியில் இருக்கிறது. நான் விட்டுப்போனது மூன்று. என் ஞாபகமா தப்பு? தனியாக அளக்க எல்லாம் செய்து பார்த்தேன். போனை செங்கல்மேல் சாய்த்துப் படம் எடுத்தேன், என் முழங்கால்தான் விழுந்தது. முன்பக்கத்துக்கு ஃபோர்க்கில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மாட்டினால் போதும், நகர்ந்த இடத்தை அதுவே காட்டிவிடும். பின்பக்கத்துக்கு ஆள் வேண்டும். பக்கக் கவரை மட்டும் நான் இன்னும் கழற்றவில்லை. அந்த எண்களைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நாளைக்கு ஞாயிறு. போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

*

போய்விட்டு வந்தேன்.

தெருமுனையில் சத்தம் கேட்டதுமே தேவி கேட்டுக்கு வந்துவிட்டாள். நான் என்ஜினை நிறுத்தப் போனேன், வேண்டாமென்று கை காட்டினாள். ஐந்து நிமிஷம் அப்படியே ஓடவிட்டு, புகைக்கு நடுவில் நின்றாள். அழுவாள் என்று பயந்தேன். "நாறுது" என்று சொல்லிச் சிரித்தாள்.

காம்பவுண்டு சுவரில் உன் கைபட்டு ஏறின எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், தேவி சொல்லியிருப்பாள். நான் வண்டியில் உட்கார்ந்து கையை ஊன்றினேன். உன் கறைக்கு நாலு விரல் கீழே வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டேப்பை நீட்டினேன்.

"தேவி, இதக் கொஞ்சம் புடிக்கணும்மா. அந்த நட்டுலேருந்து..."

"தெரியும்ணா. நட்டு நடுவுலேந்து சீட்டு போல்ட்டு வரிக்கும். குந்தளவு தான?"

நான் வண்டியிலிருந்து விழாத குறை. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கோச்சிகினு வராம இருந்தீங்களே, அப்போ என்னத்தான் புடிக்கச் சொன்னாரு. அவரே கவர்ல எழுதினாரு."

இறங்கிக் கவரைக் கழற்றினேன். என் வெள்ளை எழுத்து வரிசையாக இருந்தது. ஜனவரி முப்பது, மார்ச் இருபத்தொன்பது, மே இருபத்தேழு, ஜூலை இருபத்தெட்டு. அதற்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் உன் கோழிக் கிறுக்கல். ஆகஸ்ட், ரெண்டாம் படி, இருபத்தெட்டு. ஒரு படி இறக்கியும் இருபத்தெட்டு. இளைக்கிறோம் என்று தெரிந்துதான் நீ அளந்திருக்கிறாய்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். "இதோ, மார்ச்லேந்தும்மா. அவன் எளைக்க எளைக்க நான் ஒவ்வொண்ணா எழுதியிருக்கேன். ஸ்பிரிங்கு, ஆயிலு, டயருன்னு பேசிக்கிட்டு இருந்தேன். அவனப் பாக்கல."

தேவி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் போனாள். உன் எழுத்தில் விரல் நின்றுவிட்டது. "அன்னிக்கு நான் கேட்டேன்ணா, ஏன் நம்பரு ஏறவே மாட்டேங்குதுன்னு. 'ஸ்பிரிங்கு எறுகிடிச்சாம், மச்சானே சொல்லிட்டான். அளவு விஷயத்துல அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்'ன்னாரு. உங்க பேரச் சொன்னதும் நானும் நம்பிட்டேன்."

படுபாவி! என் தப்பை எடுத்து, என் பேரையே போட்டு, அவளிடம் மறைத்துவிட்டாயே. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் மச்சான். ஐம்பது வயசு ஆள், கையில் ஸ்பேனரோடு. உன்மேல் கோபமா, என்மேலா, இன்னும் பிரிக்கத் தெரியவில்லை.

அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். "ஏறுங்க. அளவு எடுக்கணுமில்ல?"

முப்பத்து மூன்று என்றாள். நீ வைத்துவிட்டுப் போன இரண்டாம் படி. கொக்கி ஸ்பேனரை வளையத்தில் மாட்டிவிட்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. "திருப்புங்கண்ணா" என்றாள். திருப்பினேன். மறுபடி ஏறி உட்கார்ந்தேன். முப்பது.

பெயிண்ட் பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள். உன் எழுத்துக்குக் கீழே என் எண்ணை எழுதினேன்.

"மாசாமாசம் வாங்க. நான்தான் டேப்பு புடிப்பேன்" என்றாள். நான் கவரை மாட்டி முடித்ததும் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "அளவு கொறஞ்சிதுன்னா, ஸ்பிரிங்குன்னு மட்டும் என்னாண்ட சொல்லாதீங்க."