பட்டியலில் மூன்றாவது வெளியாள்

இன்று காலை விளையாட்டுக் கழகக் கொட்டிலின் அலுமாரியைத் திறந்ததும் நோவுக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணம் முகத்தில் அடித்தது. யாரோ போத்தலைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள். சட்டைகள் எல்லாம் எண்ணெய். ஏசுவதற்கு வாயைத் திறந்தவன் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னரும் அந்த எண்ணெயைக் கால் மணித்தியாலம் முழங்காலில் தேய்ப்பாய். தேய்த்த கையாலேயே என் வெள்ளைச் சட்டையில் தட்டுவாய், வேண்டுமென்றே. நீ செத்து எட்டு மாதமாகிறது. உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். வாசிக்கத்தான் ஆளில்லை.

கனகராயன்குளத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். உதைபந்தாட்டத்தில் எனக்குக் கால் ஓடவில்லை. “நீ பேனையைப் பிடி மச்சான், பந்து பாவம்” என்று சொல்லி என்னைக் கழகச் செயலாளர் ஆக்கியவனே நீதான். நீ பின்வரிசையின் நடுவில் நின்றாய். பதினாறு வருடம் உன்னைத் தாண்டிப் பந்து கொண்டுபோனவர்களை ஊரில் பெயர் சொல்லி எண்ணலாம்.

சுற்றுப்போட்டி வந்தால் நமக்குள் சண்டை தொடங்கிவிடும். ஓர் அணி ஊருக்கு வெளியேயிருந்து இரண்டு பேரை மட்டும் சேர்க்கலாம். அவர்களை வெளியாட்கள் என்போம். பின்வரிசைக்கு முல்லைத்தீவுக் கரையிலிருந்து அடிபட்டுப் பழகிய ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்று நான் நிற்பேன். நீ விடமாட்டாய்.

“வயசு போனதுகளைக் கூட்டிவந்து எத்தினை நாளைக்கு ஓட்டப் போறாய்? எங்கட பெடியன் ஒருத்தனை இறக்கு. முதல் வருசம் பிழை விடுவான், விடட்டும். பிறகு பத்து வருசம் நிப்பான்.”

“எனக்கு இந்த வருசக் கப் வேணும். அவன் பிழைவிட்டுப் பழக இது என்ன பள்ளிக்கூடமே?”

“ஏனடா, நான் என்ன வயித்துக்குள்ளையே பழகிக்கொண்டு வந்தனான்?”

நீ பூநகரியில் கலியாணம் முடித்தாய். நம் வழக்கப்படி பெண் வீட்டோடு போனாய். வாக்காளர் இடாப்பில் உன் பெயரும் அந்த ஊருக்கே மாறிவிட்டது. சட்டப்படி அன்றிலிருந்து நீ வெளியாள். ஆனாலும் வருடா வருடம் பட்டியலில் உன் பழைய விலாசத்தையே எழுதினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரந்தனில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று, பாதிநாளைத் தொலைத்துத்தான் பயிற்சிக்கு வருவாய். “மாப்பிள்ளை அங்கை, கால் இஞ்சை” என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள்.

போன வருடம் உனக்கு முப்பத்தேழு. திரும்பி ஓடும்போது முழங்கால் இழுத்தது, எல்லோரும் கண்டோம். கடைசியில் நீ சொல்லிவந்ததுதான் எனக்குச் சரியென்று பட்டது. பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் இருந்தான். “இவனை விட்டிடாதை” என்று நீயே காட்டியவன். உன்னைக் கூப்பிட்டு, மச்சான், இந்த முறை அவன் நிற்கட்டும் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. கோழை நான். வெளியாட்களுக்கான இரண்டு இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. உன் பெயருக்கு எதிரே முதல் தடவையாகச் சரியான விலாசத்தை எழுதினேன்: பூநகரி. சட்டமே உன்னை நிறுத்தட்டும், நான் ஏன் கெட்டபெயர் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு போன்கூட எடுத்துச் சொல்லவில்லை.

நீ இரண்டு பஸ் ஏறி வந்தாய். மரத்தடியில் இருந்து எண்ணெய் தேய்த்து, சப்பாத்தும் கட்டிவிட்டாய். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், மூன்றாவது வெளியாள் விளையாட முடியாதென்று. மைதானம் முழுக்கக் கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தேன்.

“ஓமடா, சரியாத்தானே எழுதியிருக்கிறாய்” என்று சிரித்தாய். “நான் இப்ப பூநகரியான்தானே.”

கோபித்துக்கொண்டு போயிருந்தாலாவது பரவாயில்லை. கோட்டுக்கு வெளியே நின்று அந்தப் பெடியனுக்குத் தொண்டை கிழியக் கத்தினாய். “தம்பி, பந்தைப் பாராதை, ஆளைப் பார்! பின்னுக்கு வா!” அவன் நீ சொன்ன இடத்தில் எல்லாம் நின்றான். வென்றோம். கப்பைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தேடினேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாய். மறுநாள் போன் எடுத்து, “பெடியன் நல்லா நிண்டான்” என்றாய். அவ்வளவுதான். நானும் “ஓம்” என்றேன். அதன் பிறகு நீ மைதானத்துக்கு வரவேயில்லை.

பத்து வருடம் நிற்பான் என்றாயே, பத்து மாதம்கூட நிற்கவில்லை. பிரான்சுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே இருந்து என்னத்தைக் காண? தேறிய கால்கள் விமானம் ஏறுகின்றன, மிஞ்சியவை தேய்கின்றன. இளசை நம்பியும் அணி கட்ட முடியாது, பழசை நம்பியும் முடியாது. நம் சண்டையில் இருவருமே தோற்றோம். இந்த வருடப் பட்டியலில் பின்வரிசையின் நடுவில் எழுத ஒரு பெயரில்லை.

நீ வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று செய்தி வந்தபோது கழகக் கொடியை எடுத்துக்கொண்டு வந்தேன். நம் கழகத்தில் ஆடியவனை அந்தக் கொடி போர்த்தித்தானே அனுப்புவோம். விரிக்கப் போனேன். உன் மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்தா. கோபம் ஒன்றுமில்லை. அழுது களைத்த குரலில், எனக்கு எடுத்துச் சொல்லும் பாவனையில்தான் சொன்னா.

“அண்ணை, இவர் உங்கட கழகம் இல்லையெல்லோ? வெளியாள் எண்டுதானே இவரே எனக்குச் சொன்னவர். பிறகு உங்களைத்தான் சனம் பிழையாக் கதைக்கும். வேண்டாம் அண்ணை.”

உரிமையில்லாத ஒன்றை உனக்குப் போர்த்தி நான் பேச்சு வாங்கக்கூடாதென்று அவா எனக்காகக் கவலைப்பட்டா, மச்சான். இல்லைத் தங்கச்சி, அவன்தான் எங்கட கழகம், அவனை வெளியாள் எண்டு எழுதினவன் நான்தான் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். கூடி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொடியை மடித்தேன். உன்னை வெறும் வெள்ளைத் துணியோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.