காயாத சுவர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், வீடும் நலம். வீட்டையும் சேர்த்து எழுதுகிறேனே என்று சிரிக்காதே, போன வாரம் வரை அப்படி எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பனிக்காலத்தில் வெளிச்சுவருக்குப் பெயின்ட் வேண்டாம், வெயில் வரட்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், உன் அப்பா கேட்டால்தானே. நல்லவேளை, பெயின்டர் நிதானமான ஆள். பனி காய்ந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார், வெயில் சாய்வதற்குள் கழுவி வைத்துவிடுவார். ஈரத்தின்மேல் அடித்தால் கொப்பளித்து உரிந்துவிடுமாம். முன்பக்கம் அழகாக முடிந்தது. குளியலறைக்குப் பின்னால் சந்துப் பக்கம், கொத்தனார் விரிசலை அடைத்துப் பூசிவிட்டுப் போனாரே, அந்தச் சுவர் மட்டும் காயவே இல்லை. ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பெயின்டர் ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் பார்த்தால் தாளுக்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்த்தும் அதே கதை. குழாய்க்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே குழாய் கசிகிறது, உடைத்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று கவலையாகத் தலையாட்டிய உன் அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும். வீடும் பழசு, அப்பாவும் முன்னே மாதிரி இல்லை, விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று நீங்கள் சொன்னதை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். சுவரை உடைக்கும் நிலை வந்தால் சரி என்று சொல்லிவிடுவது என்று மனதைத் தேற்றியும் வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் முழிப்பு வந்து பார்த்தால் படுக்கையில் ஆளைக் காணோம். சந்துப் பக்கம் தண்ணீர்ச் சத்தம். போய்ப் பார்த்தால், அந்தக் குளிரில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உன் அப்பா ஹோஸ் பைப்பால் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியது, வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கடைக்குப் போனது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. சுவர் போனால் போகட்டும், இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதே என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரோ என்னைத் திரும்பிப் பார்த்து வெகு சாதாரணமாக, பூச்சு வெடிக்காம இருக்க ரெண்டு வேளையும் தண்ணி அடிங்கன்னு கொத்தனார் சொன்னாரு, இன்னும் போதும்னு சொல்லலையே என்றார். அதோடு விட்டாரா, பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைப் பிரித்து, அந்த இடம் மட்டும் விட்டுப்போகக் கூடாதென்று உள்ளேயும் ஒரு கை தெளித்து, அழுத்தி ஒட்டினார் பார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. மாற்று ஆள் வரவில்லை என்று ஃபாக்டரி கேட்டை விட்டு நகராமல் ராத்திரி பகலாக நின்றவர்தானே, அந்தப் புத்தி அப்படியே இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை.

குழாய்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொத்தனாரே வந்து போதும் என்று சொன்ன பிறகுதான் உன் அப்பா பைப்பைச் சுருட்டி வைத்தார். நாலு நாள் வெயில் பட்டதும் சுவர் தானாகக் காய்ந்தது. நேற்று இரண்டாவது கோட்டும் முடிந்துவிட்டது, முட்டை ஓட்டு நிறம், உனக்குப் பிடிக்கும். வீட்டை விற்கும் பேச்சை இனி எடுக்காதே. மாப்பிள்ளையிடமும் பக்குவமாகச் சொல்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்று மறக்காதே. போன முறை அப்பாவிடம் பேசும்போது, போனை கையிலேயே வெச்சிருங்கப்பா, இதோ கூப்பிடறேன் என்று சொல்லி வைத்தாய். வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய், தப்பில்லை. அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதும் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறார். அவள் மறந்திருப்பாள் என்று நான் சொன்னால் எடுபடாது. நீதான் கூப்பிட வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா