வரிசையில் கிடந்த செருப்பு

14.12.79, வெள்ளி
காலையிலிருந்து தூறல். கம்போங் ராஜா திடலுக்கு ராட்டினம் வந்திருக்கிறது. பகலில் வழக்கம்போல் தேயிலை ஆலை. சாயங்காலம் ராட்டினத்தடியில் வரிசைக் கயிறு பிடிக்கும் வேலை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பாப்பாவுக்கு இருமல் மருந்து.

நம் லயத்து ஆட்கள் பைப்படியில் வாளி வைத்து இடம் பிடிப்பார்களே, அதே பழக்கம் இங்கேயும். செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டுக் கச்சான் கடலை வாங்கப் போய்விடுகிறார்கள். அடுத்தவர் செருப்பை யாரும் தொடுவதில்லை. பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

15.12.79, சனி
நல்ல கூட்டம். ராட்டின முதலாளி தவுக்கே புதிதாகச் சிவப்பு டிக்கெட் போட்டுவிட்டார். இரண்டு மடங்கு காசு, நிற்க வேண்டாம், நேரே ஏறலாம். திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர்கள் குடும்பத்தோடு வாங்கினார்கள். ஆனால் வழி முழுக்கச் செருப்பு. ஆள் இல்லாத செருப்புக்கு என்ன வரிசை, எடுத்து வீசு என்று தவுக்கே மலாயில் கத்தினார். அவசரத்தில் காலாலேயே தள்ளினேன். ஒரு ஜோடி சேற்றில் போய் விழுந்தது. கறுப்பு ரப்பர், அறுந்த வாரில் பச்சைக் கம்பி.

மாரிமுத்துவுடையது! கவ்வாத்துக் கும்பலில் செடி வெட்டுகிறவன். பாராங் கத்தியும் கையுமாகத் திரிபவன், முன்கோபி. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குள் சிவப்பு டிக்கெட்டெல்லாம் ஏறி, மழை பிடித்து, ராட்டினமும் நின்றுவிட்டது. குழந்தை அழுகை.

"என் செருப்ப ஒதச்சது யாரு?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"பரவால்லலா. பொறவு பாத்துக்கலாம்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

16.12.79, ஞாயிறு
குளிர். வயிற்றுவலி என்று தவுக்கேவுக்குச் சொல்லி அனுப்பினேன். பொய். பயம்தான்.

செல்வி: "போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்களேன். கொறஞ்சா போயிருவீங்க?"

"அவன் கையில பாராங் இருந்தா?"

இவளுக்கு வாய்தான். பாப்பாவுக்கு இருமல் குறையவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு முனியாண்டி வந்தான். "மாரி கேட்டான்லா, கயிறு புடிக்கிறவன் வூடு எதுன்னு. காட்டிட்டேன்." நல்ல மனுஷன்! ஜன்னலைச் சாத்தினேன். நாய் குரைத்தால்கூடத் தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்கிறேன்.

17.12.79, திங்கள்
மூடுபனி. ஆலைச் சங்கு ஊதியதும் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. கறுப்பு ரப்பர், பச்சைக் கம்பி. சேறு போகக் கழுவி, வீட்டைப் பார்த்து ஒழுங்காக வைத்திருக்கிறது. ஆளைக் காணோம்.

இடம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

செல்வி பின்னாலேயே வந்தாள். "யாரு செருப்புங்க இது, வழியில?" ஓரமாக வைக்கக் குனிந்தாள்.

"தொடாதடி!"