நாற்பத்தேழு எழுதிய கை

6, வியாழன்

காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மழை மட்டும் இல்லை. கிளினிக்கில் பதினோரு பேர். ஒருவர் தன் பல்செட்டை ரொட்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்து, கவுண்டரில் என் முன்னால் வைத்தார். இதை ஏதாவது கதையில் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது:
கதையை வாய்விட்டு ஒருமுறை வாசிக்க. இருபது நிமிடத்துக்குள்.
விடையைச் சே. அண்ணனுக்கு அனுப்ப.
அப்பா இடுப்புக்குத் தைலம்.
மைக் வேலை செய்கிறதா?

ஞாயிறு மூன்று மணிக்கு என் முறை. ஒரு வருடக் காத்திருப்பு. குற்றக்கதை எழுதுகிறவர்களின் இணையக் கூட்டம். மாதம் ஒரு ஞாயிறு, நடத்துகிறவர் போக, என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். சித்தியவானில் இருக்கும் சேகரன் அண்ணன் நடத்துகிறார். அவர் வைத்த வழக்கம் கொடூரம். கதையைக் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். மற்றவர்கள் கொலையாளியின் பெயரைத் தட்டெழுதிப் போடுவார்கள். உண்மையான விடை முன்பே சே. அண்ணனின் மின்னஞ்சலில் இருக்கும். ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டாலும் கதை தொகுப்பில் சேராது. தொகுப்பில் இன்னும் ஓர் இடம்தான் பாக்கி.

இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்: அந்த இடம் எனக்கு மிகவும் வேண்டும்.

7, வெள்ளி

வெயில். கிளினிக்கில் ஏர்கோன் பழுது.

கதை எனக்கே தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, சுருக்கமாக:

செம்பனைத் தோட்டம். ஒன்பதாம் பிளாக்கில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இறந்து கிடக்கிறார். சந்தேகம் கணக்கு எழுதும் கிராணியின்மேலும், அதைவிடக் குலை வெட்டும் மணியத்தின்மேலும். ஆனால் அந்த நேரத்தில் அவன் மூன்றாம் பிளாக்கில் வெட்டிக்கொண்டிருந்ததற்குச் சாட்சி உண்டு. சாலையோரம் அடுக்கிய குலைகளின் காம்பில் அவனுடைய எண், 47. (யார் வெட்டிய குலை என்று தெரிய, காம்பின் வெட்டுமுகத்தில் எண் எழுதுவது தோட்டத்து வழக்கம்.) லோரி வராததால் முந்தைய நாள் குலைகளும் பக்கத்திலேயே கிடக்கின்றன. இன்ஸ்பெக்டர் இரண்டையும் ஒப்பிடுகிறார். நேற்றைய 47 உருண்டை, ஒழுங்கு. இன்றைய 47 கோணல். வேறு கை. ஆக, மணியம் அங்கே இல்லை. யாரோ அவனுக்காக எழுதியிருக்கிறார்கள். மணியமே கொலையாளி.

47 அப்பாவின் பழைய எண். அவரிடம் சொல்லவில்லை. போன மாதம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏன்ப்பா, குலையில நம்பர யாரு எழுதுவா?"

"வெட்டுனவன்தான். பின்ன, தொரையா வந்து எழுதுவாரு?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபது வருடம் வெட்டியவர். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்.

வேறொரு பயம். கூட்டத்தில் நான் 'மாறன்'. ஒரு வருடமாகக் கேமரா கிடையாது, பேச்சு கிடையாது, தட்டெழுத்து மட்டும். ஞாயிறு குரல் வெளியே வந்துவிடும்.

8, சனி

அம்மாவோடு ஜெராமுக்கு, மீன் வாங்க. அம்மா நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உசுரோட இருக்கா?"

"அதுகிட்டயே கேளுங்க லா, ஆச்சி!" என்றார் மீன்காரர்.

"ஆச்சியா? ஒன் வயசென்ன, எம் வயசென்ன!"

திரும்பும் வழியில் காரில், திடீரென்று: "நாள் பூரா என்னத்தத் தட்டுற நீ?"

"ஆபீஸ் வேல."

"பல்லு புடுங்குற எடத்துல அவ்வளவு எழுத்து வேலயா?"

ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். அம்மாவும் விட்டுவிட்டார். விட்டாரா என்று தெரியவில்லை.

9, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா பாக்டரிக் காவல் வேலைக்கு. அம்மா எதிர்வீட்டு அக்காவோடு கோயிலுக்கு. வீடு காலி. என் அறையில் காற்றாடி ஓடாது, அதனால் ஹாலில் உட்கார்ந்தேன்.

முதல் வரியை வாசித்ததும் சே. அண்ணன் குறுக்கிட்டார். "மாறன் தம்பி, யார வாசிக்க விட்டிருக்கீங்க? பொம்பளப் புள்ள கொரலா இருக்கே."

"நான்தான்ணே வாசிக்கிறேன்."

சிங்கப்பூர் ஜெயா மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்களில் மூத்தவர். "துப்பறியுற கத எழுதற பதினோரு பேரு! ஒரு வருசமா தம்பி தம்பின்னு கூப்புட்டிருக்கோம் லா!"

சிரிப்பில் பயம் போய்விட்டது. நன்றாகவே வாசித்தேன். கோணல் 47-இல் நிறுத்தினேன்.

பெயர்கள் விழ ஆரம்பித்தன. மணியம். மணியம். கிராணி. மணியம். பதினொன்றில் ஒன்பது மணியம். இடம் போச்சு.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து:

"மணியமா? அவன் எங்க கொன்னான்? அவன் பொண்டாட்டி லா."

அம்மா. கையில் அர்ச்சனைத் தட்டு. மைக் திறந்தே இருக்கிறது.

"எப்ப வந்தீங்க?"

"மண்டோரு செத்தப்பவே வந்துட்டேன்."

"அம்மா, எல்லாருக்கும் கேக்குது..."

"கேக்கட்டும். வெட்டுறவன் ரெண்டு கையும் கம்புலதான் இருக்கும். அண்ணாந்து அண்ணாந்து வெட்டிக்கிட்டே போவான். பொண்டாட்டிதான் பின்னாடியே உதிரிப் பழம் பொறுக்கி, நம்பரும் எழுதிக்கிட்டு வருவா. தெனைக்கும் ஒழுங்கா எழுதுனது அவ. இன்னிக்குக் கோணலா இருந்தா, அது புருசன் எழுதுனது. அப்ப அவ எங்க போனா?"



என் கதையில் மணியத்துக்கு மனைவி உண்டு. ஒரே ஒரு வரி. சோறு கட்டிக் கொடுக்கிறாள்.

சே. அண்ணன் என் மின்னஞ்சலைத் திறந்து விடையை வாசித்தார். என் விடை மணியம். ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள். வழக்கப்படி கதை வெளியே. ஜெயா மிஸ் விடவில்லை. "விடையே தப்பு சேகரன். ஒம்பது பேரும் தப்பு, எழுதுன புள்ளயும் தப்பு. அந்தம்மாவோட சேத்தா பன்னெண்டு பேருல ஒருத்தர்தான் சரி, அவங்களும் நம்ம உறுப்பினர் இல்ல." இருபது நிமிட வாக்குவாதம். முடிவு: புதன் மதியத்துக்குள் புதிய முடிவு எழுதி அனுப்ப வேண்டும். கொலையாளி மனைவி என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் அவர்களை அசத்தினால்தான் இடம்.

10, திங்கள்

புழுக்கம். பிற்பகல் கிளினிக் அடைப்பு.

அப்பாவிடம் மறுவிசாரணை. "நீங்கதான் எழுதுவீங்கன்னு சொன்னீங்க?"

"நான்தான் எழுதுவேன்! எப்பயாச்சும் ஒங்கம்மா..."

அம்மா பழைய தமிழ்ப் பேப்பரையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். "எழுதுங்க பாப்போம்."

அப்பாவின் 47 கோணல். நான்கு சாய்ந்து ஏழின் மேல் விழுந்தது. அம்மா பக்கத்தில் எழுதினார். உருண்டை, ஒழுங்கு. பார்த்ததும் தெரிந்தது. என் பள்ளி நோட்டு அட்டைகளில் இருந்த அதே எண்கள். இதைத்தான் நான் கற்பனை என்று நினைத்து எழுதியிருக்கிறேன்.

அப்பா பேப்பரை மடித்தார். "ரெண்டும் நாப்பத்தேழுதானே," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மாவுக்கு ஏராளமான கேள்விகள். ஆர்வத்தில் கண் பளபளத்தது. மண்டோரை எதால் கொன்றாள்? புருஷனிடம் முன்பே சொன்னாளா? மண்டோருக்குப் பிள்ளைகள் உண்டா? கடைசியில்: "யாரு அந்த மாறன்?"

"சும்மா ஒரு பேரும்மா."

"ம்."

துணிக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டு: "அவள மாட்டி விட்றாத."

"நீங்கதானே காட்டிக் கொடுத்தீங்க!"

"கண்டுபுடிக்கிறது வேற, மாட்டி விடுறது வேற."

"குற்றக்கதைன்னா கடைசியில பிடிபடணும்மா."

"எப்படிப் புடிப்பாங்க? காலையில ஆள் எண்ணுற பெரட்டுல அவ பேரக் கூப்புட மாட்டாங்க. சம்பளம் போடுற செக்ரோல்ல அவ பேரு இல்ல. நம்பரு புருசனோடது. அன்னிக்கு அவ வேலைக்கு வரலன்னு யாரு சொல்லுவா? வந்ததாவே எங்கயும் இல்லயே."

காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார். ஓரங்கள் சரியாகப் பொருந்தும்படி.

நான் எவ்வளவு வாசித்திருக்கிறேன். எத்தனை மூடிய அறைகள், எத்தனை விஷங்கள். இப்படி ஒரு மறைவிடம் எதிலும் இல்லை.

11, செவ்வாய்

கிளினிக்கில் சந்திப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். வீட்டில் மீதி. சோறு கட்டும் வரியை அடித்துவிட்டேன். இப்போது அவளுக்கு ஆறு பக்கம்.

கேட்டேன், "அவளுக்கு என்ன பேரு வைக்கட்டும்?"

"எதாச்சும் வையி. என்னோடது வேணாம்."

12, புதன்

மறுபடி இருட்டு. விடுப்பு எடுத்தேன். பல் வலி என்று சொன்னேன், பல் கிளினிக்கிலேயே! டாக்டர் வரச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

11.40: அனுப்பினேன். கடைசிக் காட்சி: இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கிராணியின் ஆபீசில் செக்ரோலை வாங்கி, அன்றைய பக்கத்தில் அவள் பெயரைத் தேடுகிறார். பிறகு அந்த மாதம். பிறகு அந்த வருடம். கிராணி விளக்கைப் போட்டுவிட்டு, "யாரத் தேடுறீங்க சார்?" என்கிறார். அதோடு முடித்துவிட்டேன்.

1.15: சே. அண்ணனே அழைத்தார். "எடம் ஒனக்குத்தாம்மா. ஜெயா மிஸ்ஸு ரெண்டு தடவ படிச்சாங்களாம். பொருளடக்கம் இன்னிக்கே போகணும். பேரு எப்படிப் போட? மாறன்தானா?"

ஐந்து நிமிடம் கேட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். தலை நிமிரவில்லை.

"ஒனக்குத்தான் நல்ல பேரா வெச்சிருக்கோம்ல?"

கௌசல்யா. தட்டி அனுப்பியாயிற்று. மழை பிடித்துக்கொண்டது, கொடியில் துணி, ஓடுகிறேன்.